ஓரம் பட்டறையின் டீ பாக்கி

தம்பி செத்த வாரமே அண்ணன்காரன் பட்டறைக்குப் போய், ஏணி போட்டு ஏறி, கூரையில் தொங்கும் இரும்பை அளந்தான் என்பது வதந்தி. அளந்தது பங்கு பிரிக்க என்பது அந்த வதந்தியின் வால். பழைய இரும்பு இப்போது நல்ல விலைக்குப் போகிறது என்பது வாலின் நுனியில் கட்டிய குஞ்சம்.

தெருவில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் முடிதிருத்துபவர். அவரிடம் கேட்டால், “நான் எங்கங்க சொன்னேன்? நாற்காலியில உக்காந்திருந்தவர் சொன்னார், நான் தலையை ஆட்டினேன்” என்றார். கையில் கத்தி வைத்திருக்கும்போது தலையாட்டக் கூடாது என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். வதந்தியின் ஊற்றுக்கண் பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடை. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சாட்சி சொன்னார்.

“கண்ணால பாத்தேங்க. ஏணி இருந்துச்சு, டேப் இருந்துச்சு, கையில கவ்வி மாதிரி ஒரு சாமானும் இருந்துச்சு. அழுதாரான்னு மட்டும் கேக்காதீங்க. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி மறைச்சிருச்சு.”

ஆக, ஏணி உண்மை, அளந்ததும் உண்மை. பங்கு உண்மையா என்று தெரிய வேண்டுமானால் ஏறியவர் யார் என்று தெரிய வேண்டும்.

அலுவலகத்தில் அவருக்குக் ‘கணக்கு’ என்று பெயர். பாரம் தூக்கும் கிரேன்களை வடிவமைக்கும் நிறுவனம் அது. மாடியில் நீளமான ஓர் அறை, அதன் கோடியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய மேசை. மற்றவர்கள் போட்ட கணக்கைச் சரிபார்ப்பது அவர் வேலை. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு நண்பர்கள் கொட்டிக் கிடக்க மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மற்ற மேசைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தாலும், கணக்கு இருக்கும் மேசையில் எப்போதும் தாராளமாக இடம் கிடைக்கும்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். ஓட்டலில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டார். “முதல் தடவை எங்க வீட்டுக்கு வந்தப்ப என்னையா பார்த்தார்? ஃபேன் கொக்கியைப் பார்த்தார்” என்று அவர் மனைவி இன்றும் சொல்வார். “கொக்கி நல்லா இருந்துச்சு. அதனாலதான் கல்யாணம் நடந்துச்சு.”

அவருடைய தனி வித்தை மோனோரயில் பீம். பெயரில் ரயில் இருந்தாலும் யாரும் டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. கூரைக்குக் கீழே நீளவாக்கில் ஒற்றை இரும்பு பீம் தொங்கும். அதன் அடியில் நீளமாக ஒரு பட்டை. அந்தப் பட்டையின் இரண்டு பக்கமும் சக்கரங்கள் ஏறி உட்கார்ந்து ஓடும். சக்கரங்களுக்குக் கீழே கொக்கி, கொக்கியில் பாரம். இதில் கணக்கு இரண்டு. பாரம் ஏறினால் பீம் மொத்தமாக எவ்வளவு வளையும் என்பது ஒன்று. சக்கரம் நிற்கிற அந்த இடத்தில் மட்டும் அடிப்பட்டை எவ்வளவு கீழே மடங்கும் என்பது மற்றொன்று. முதலாவதை எல்லோரும் போடுவார்கள். இரண்டாவதை மறந்துவிடுவார்கள். மறந்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் கணக்கின் பிழைப்பு.

அதிலும் பீம் முடிகிற இடம் மோசம். அதை அவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு விளக்குவார். “நடுவுல இருக்கிற பட்டைக்கு முன்னாடியும் சொந்தக்காரங்க, பின்னாடியும் சொந்தக்காரங்க. பாரம் வந்தா ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப்பாங்க. முடியற இடத்துல ஒரு பக்கம்தான் சொந்தம். அதே சக்கரம் அங்க நின்னா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மடக்கும்.”

“சொந்தக்காரங்க பாரம் வாங்குற குடும்பம் எதுங்க? அட்ரஸ் கொடுங்க, போய்ப் பார்த்துட்டு வர்றேன்” என்பார் மனைவி.

அந்த விளக்கத்தைச் சலிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவருடைய தம்பி. தம்பிக்கு ‘ஓரம்’ என்று பெயர். சின்ன வயதில் பஸ்ஸில் ஏறியதும் “எனக்கு ஓர சீட்டு, எனக்கு ஓர சீட்டு” என்று கத்திக்கொண்டே மற்றவர்கள் கால்களை மிதித்துப் போய் ஜன்னலைப் பிடித்துக்கொள்வான். படுக்கையிலும் சுவர் ஓரம்தான். போட்டோவில் கேட்கவே வேண்டாம், பாதி முகம் சட்டத்துக்கு வெளியே இருக்கும். வீட்டில் வைத்த பட்டப்பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து தொழிலுக்கும் வந்துவிட்டது. பெரிய மின்மோட்டார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு அவன் வாசலில் அழகான பெயர்ப் பலகை ஒன்று மாட்டினான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அது ஓரம் பட்டறை.

பட்டறையில் பீம் மாட்டிய அன்று இருவரும் அதன் கீழே நின்றார்கள். கீழே என்றால், தம்பி கீழே, அண்ணன் இரண்டடி தள்ளி.

“மூணு டன் தாங்கும்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுண்ணே. பலகை அடிச்சு மாட்டிடறேன்.”

“நடுவுல மூணு தாங்கும்டா. ஓரத்துல தாங்காது. பட்டை மடங்கிரும்.”

“லாரி வாசல்லதானே நிக்கும்? ஓரத்துல தூக்காம நான் தலையிலயா தூக்கிட்டு வர முடியும்?”

“அப்ப ஓரத்துக்கு அடியில ஒரு தகடு வச்சு பத்தவை. இல்ல, தடுப்பை உள்ள தள்ளி வை, சக்கரம் ஓரத்துக்கே வரக் கூடாது. ரெண்டும் மாட்டேன்னா ரெண்டு டன்தான் எழுதுவேன்.”

“தடுப்பை உள்ள தள்ளினா லாரியும் உள்ள வரணும். என் கண்ணாடி ரூமை இடிக்கணும்.” வாசலை ஒட்டி அவன் ஆசையாகக் கட்டிய சின்ன அலுவலக அறை அது. சுழல் நாற்காலி கூட உண்டு. அண்ணனின் அலுவலகத்தில் அண்ணனுக்கே சுழல் நாற்காலி கிடையாது. “நீ ரொம்பப் பயப்படறண்ணே. பந்தயம் கட்டு. பட்டை மடங்கினா எதிர்க்கடையில நான் டீ வாங்கித் தர்றேன். மடங்கலைன்னா நீ வாங்கித் தரணும்.”

“சரி.”

“சொல்லிட்டு ஓடிரக் கூடாது.”

அண்ணன் ஓடவில்லை. ‘இரண்டு டன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்துதான் போனார். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அண்ணன் தம்பிக்குள் இப்படி முகத்தைத் தூக்குவதும் இறக்குவதும் புதிதல்ல, அது தானாக இறங்கிவிடும். இறங்குவதற்குள் ஒரு மில் மேனேஜர் போன் செய்துவிட்டார்.

அந்த மில்லின் கிரேன்களைக் கணக்குதான் பார்த்துக் கொடுத்திருந்தார். மேனேஜருக்கு அவர் பேச்சு வேதவாக்கு. “சார், எங்க பெரிய மோட்டார் ஒண்ணு எரிஞ்சு போச்சு. உங்க தம்பி பட்டறைக்கு அனுப்பலாமா? மூணு டன் இருக்கும்” என்று கேட்டார்.

கணக்கு அப்போது மேசையில் வேறொரு பீமோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் அவர் கண்முன் வந்து நின்றது தம்பியின் முகம் அல்ல, தம்பியின் பீம். வாசல் பக்கத்து முனை. அங்கே வந்து நிற்கும் சக்கரம். மில்லின் கிரேனைப் பற்றிப் பேசியிருந்தால் ‘முனை’ என்று சொல்லியிருப்பார். தம்பி பட்டறை ஆயிற்றே, அங்கே வழங்கும் வார்த்தைதான் வாயில் வந்தது.

“தாராளமா அனுப்புங்க சார். நல்ல வேலைக்காரன். ஆனா ஒண்ணு, ஓரத்தை மட்டும் நம்பாதீங்க.”

மேனேஜர் “புரியுது சார், சொன்னதுக்கு நன்றி” என்றார். என்ன புரிந்தது என்று கணக்கு கேட்கவில்லை. ஊரில் உள்ளவர்களின் கணக்கையெல்லாம் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தவர், தன் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்கவில்லை.

மோட்டார் வேறு பட்டறைக்குப் போயிற்று. தம்பி வீட்டுக்கு வருவது நின்றது.

கணக்கு தனக்குத் தெரிந்த விடையைப் போட்டுக்கொண்டார்: மூணு டன் பலகைக்குக் கையெழுத்துப் போடாத கோபம். மனைவி, “போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்” என்று சொல்லிப் பார்த்தார்.

“என்ன பேச? இரும்பு அண்ணன் தம்பி பாக்குமா? அவன் வரட்டும்.”

“இரும்பு பாக்காது. நீங்களும் பாக்கலைன்னா எப்படி?”

மாதங்கள் போய் வருஷங்களாயின. தம்பி தன் கண்ணாடி அறையை இடித்துவிட்டான் என்று ஒருமுறை காதில் விழுந்தது. நொடித்துப் போய்விட்டான், அதனால்தான் இடம் குறைக்கிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கணக்கு அன்று சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

பிறகு ஒரு நாள் தம்பி பஸ்ஸில் செத்துப்போனான். ஓர சீட்டில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி. தூங்குகிறார் என்று நினைத்து கண்டக்டர் கடைசி நிறுத்தம் வரை எழுப்பவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

சாவு வீட்டில் கணக்கு வாசலில் நின்றார். உள்ளே போக ஒரு சங்கடம், வெளியே போக ஒரு சங்கடம். வந்தவர்களில் அந்த மில் மேனேஜரும் இருந்தார். கணக்கின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். சொல்லத் தெரியாதவர் ஆறுதல் சொன்னால் என்ன ஆகுமோ அது ஆயிற்று.

“தப்பா நினைக்காதீங்க சார். நீங்களே நம்பாதீங்கன்னு சொன்ன ஆள்தான். ஆனாலும் அப்புறம் ஒண்ணு ரெண்டு சின்ன வேலை கொடுத்துப் பார்த்தோம், சுத்தமா செஞ்சார்.”

“நான் யாரை நம்பாதீங்கன்னு சொன்னேன்?”

“ஓரத்தை, சார். போன்ல சொன்னீங்களே. நானும் அன்னைக்கே அவருக்குப் போன் பண்ணி வெளிப்படையா சொல்லிட்டேன். ‘உங்க அண்ணனே இப்படிச் சொல்றார், நான் எப்படி மோட்டாரை அனுப்ப முடியும்?’னு.”

பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கணக்கு அதில் உட்கார்ந்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். தம்பி எந்த ஓரத்தை எடுத்துக்கொண்டான்? அண்ணன் என்னைத்தான் நம்பாதே என்று சொன்னான் என்று நினைத்தபடியே பஸ் ஏறினானா? கேட்க ஆள் இல்லை. தம்பி மனைவியிடம் கேட்கலாம். ஆனால் கணவனை இழந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய், ‘உன் புருஷன் சாகும்போது என்மேல் கோபமாக இருந்தானா’ என்று கேட்க எந்த முகத்தோடு போவது? இதைத் தெரிந்த வேறொரு சாட்சி மிச்சம் இருந்தது. அது கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் எங்கே ஓடியது, எங்கே ஓடவில்லை என்று பட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அண்ணன் பேச்சைத் தம்பி மதித்திருந்தால் ஓரத்துக்குப் போயிருக்க மாட்டான்.

அப்படித்தான் அந்த வாரம் அவர் டேப்பும், தடிமன் அளக்கும் காலிப்பருமாகப் பட்டறைக்குப் போனார். பங்கு பிரிக்கும் உத்தேசத்தோடு போகிறவர் காலிப்பர் எடுத்துப்போவதில்லை, வக்கீலை அழைத்துப்போவார். வதந்தியைப் பொறுத்தவரை விஷயம் இங்கேயே தீர்ந்தது. அவரைப் பொறுத்தவரை அங்கேதான் ஆரம்பித்தது.

பட்டறையில் தம்பி மனைவி இருந்தார். வேலைக்காரர்களை அனுப்பிவிட்டு, பாதியில் நிற்கும் மோட்டார்கள் யார் யாருடையவை என்று பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க மாமா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

கணக்கு தலை குனிந்தார். “அம்மா, அந்த பீமை ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?”

அந்தப் பெண் அவரையும் அவர் கையில் இருந்த டேப்பையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “அவர் இருந்தப்ப வந்து பாத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஏணியைக் கைகாட்டினார்.

வாசல் அகலமாகத் திறந்து கிடந்தது. கண்ணாடி அறை இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அங்கே லாரி டயரின் தடம். சுழல் நாற்காலி ஒரு மூலையில், அதன் மேல் செம்புக் கம்பிச் சுருள்கள். கணக்கு இதையெல்லாம் பார்த்தார், ஆனால் கூட்டிப் பார்க்கவில்லை. ஏணியை வாசல் பக்கத்து முனையில் சாத்தி ஏறினார்.

பட்டையின் மேல் சக்கரம் ஓடிய தடம் கண்ணாடி போலப் பளபளத்தது. வாசலை நோக்கி அதைக் கண்ணால் தொடர்ந்தார். முனைக்கு ஒரு ஆள் நீளம் முன்பே பளபளப்பு பட்டென்று நின்றது. அங்கே இரண்டு பக்கமும் கனமான தடுப்புக் கட்டைகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. அதற்கப்பால் முனைவரை பட்டையில் தடித்த துரு. நேற்று முந்தாநாள் துரு அல்ல, அடை அடையாக, வருஷக்கணக்கில் சக்கரம் படாத துரு. முனையில் பழைய தடுப்பை அறுத்தெடுத்த வடுவும் இருந்தது, அதன் மேலும் துரு.

காலிப்பரை வைத்துத் தடிமனை அளந்தார். விரலால் தடவினார். மறுபடி அளந்தார். எண் அப்படியே இருந்தது.

“மாமா.” கீழேயிருந்து தம்பி மனைவியின் குரல். “பட்டையையே பாக்குறீங்களே. கொஞ்சம் மேல பாருங்க.”

பட்டைக்கு மேலே, பீமின் நடுத்தகட்டில், அவர் மூக்குக்கு நேராக, சிவப்புப் பெயின்டில் தம்பியின் கோணல் எழுத்து: ‘ஓரத்தை நம்பாதே.’ அதன் கீழே சின்னதாக, ‘– அண்ணன்.’

இரும்பை அங்குலம் அங்குலமாக அளந்தவர் அத்தனை பெரிய எழுத்தைப் பார்க்கவில்லை.

“அந்த மேனேஜர் போன் பண்ணின அன்னைக்கு ஆடித் தீத்துட்டார் மாமா” என்றார் அந்தப் பெண். “‘என் கூடப் பொறந்தவன் என்னை நம்பாதேன்னு சொல்லிட்டான்’னு ஒரே கத்தல். ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சார். அப்புறம் என்ன நினைச்சாரோ, ஏணியைப் போட்டு ஏறினார். இதே இடம். ஓரத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மேலேயே உக்காந்துட்டு சிரிக்கிறார். ‘அட லூசு அண்ணா, என்னைச் சொல்லலடி, இதைச் சொல்லியிருக்கான்’னு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். அந்த வாரமே ரூமை இடிச்சார். வர்றவங்க எல்லாம் இதைப் படிச்சுட்டு, ‘ஓரம் அண்ணே, நீங்களே உங்களை நம்பாதேன்னு எழுதி வச்சிருக்கீங்களே’ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அதைக் கேக்கறதுல அவருக்கு ஒரு சந்தோஷம்.”

கணக்கு ஏணியிலேயே நின்றார். ஒரு கையால் பட்டையைப் பிடித்துக்கொண்டார், அவர் நம்பக் கூடாது என்று சொன்ன அதே ஓரத்தை.

“அப்புறம் ஏம்மா அவன் வரல? ஒரு போன் கூடப் பண்ணலையே?”

“நானும் கேட்டேன். ‘ஊரெல்லாம் ஒரு மாதிரி பேசற அளவுக்குப் பண்ணிட்டான்ல, அவனே வரட்டும். வந்து இதைப் பாக்கட்டும், அவன் மூஞ்சியை நான் பாக்கணும்’னார். வாசல்ல யாராவது வண்டியை நிறுத்தினா எட்டிப் பார்ப்பார். முதல்ல ஒரு நாள், ரெண்டு நாள்னு நினைச்சோம்.” அந்தப் பெண் அண்ணாந்து அவரைப் பார்த்தார். “நீங்க ஏன் மாமா வரல?”

“கையெழுத்துப் போடாத கோவம்னு நினைச்சேன். அவன் வரட்டும்னு இருந்துட்டேன்.”

“ரெண்டு பேருமே வரட்டும்னா யாருதான் வர்றது?”

அவர் இறங்கவில்லை. தெருவில் ஒரு லாரி வந்து நின்று, கொஞ்ச நேரம் வாசலை மறைத்துவிட்டுப் போயிற்று.

முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்ட பிறகு, அவர் பையிலிருந்து நேரான எஃகு அளவுகோலை எடுத்தார். முனையில் துருவைச் சுரண்டிவிட்டு, பட்டையின் அடியில் குறுக்காக வைத்துப் பார்த்தார். பழைய தடுப்பு இருந்த நாட்களில் எத்தனை மோட்டார் அந்த முனையில் தொங்கியிருக்கும்? அளவுகோலுக்கும் பட்டைக்கும் நடுவே, ஓரத்தில், வெளிச்சம் நூலாகத் தெரிந்தது.

“என்ன மாமா பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. எங்களுக்குள்ள ஒரு டீ பந்தயம்.”

“தெரியுமே. மடங்கினா அவர், மடங்கலைன்னா நீங்க. கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார், ‘மடங்கவே இல்ல, டீ அவன்தான் வாங்கணும்’னு.” முதல் முறையாக அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. “மடங்கியிருக்கா?”

அவர் அளவுகோலைத் திருப்பி வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார்.

“ஒரு நூல் மடங்கின மாதிரி இருக்கு. ஆனா இரும்பு ஆலையிலேருந்து வர்றப்பவே இவ்வளவு கோணல் இருக்கலாம். மாட்டின அன்னைக்கு அளந்து வச்சிருந்தா சொல்லலாம். அளக்கல.”

“அப்ப டீ யார் வாங்கணும்?”

“தெரியலம்மா.”

“தெரியலையா? உங்களுக்குக் கணக்குன்னுதானே பேரு?”

அவர் இறங்கி வந்து ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினார். பாதியில் நின்ற மோட்டார்களை முடித்துக் கொடுக்க யாரை அழைக்கலாம் என்று இருவரும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் வந்து கூட இருப்பதாகச் சொன்னார். எதிர்க்கடைக்காரர் வாசலில் எட்டிப் பார்த்து, “டீ கொண்டு வரவா?” என்று கேட்டார். விசாரணைக்கு வந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“வேண்டாம்” என்றார் கணக்கு. “அந்தப் பாக்கி இன்னும் தீரல.”

டீக்கடைக்காரர் தன் கடையில் ஓரத்துக்குப் பாக்கி எதுவும் கிடையாது என்று இன்றுவரை எல்லோரிடமும் சத்தியம் செய்துகொண்டிருக்கிறார். கணக்கு ஒவ்வொரு ஞாயிறும் பட்டறைக்கு வருகிறார், அண்ணாந்து பார்க்கிறார், அந்தக் கடைப் பக்கம் மட்டும் போவதில்லை.